நோயில்லாத வீட்டு வேப்பிலை

எங்கள் வீட்டுக் கேட்டில் வேப்பிலைக் கொத்தைக் கட்டியவன் நான்தான். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் அம்மாள் வருத்தம், அதாவது அம்மை, இல்லை, ஒரு கொப்புளம்கூட இல்லை. இது மனைவிக்கும் தம்பிக்கும் தெரியும். பிறகு இன்னும் இரண்டு பேருக்குத் தெரிய வந்தது. வேறு யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. நான் அதிகம் படித்தவன் அல்ல. எட்டாம் வகுப்போடு கடைக்கு வந்தவன். எழுதத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

சண்டைக் காலம். நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையில் உள்ள ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் ஸ்டோர் கீப்பர் வேலை. வீடு இரண்டே அறை. ஆனால் வளவு வீட்டை விடப் பெரிது. கேட்டடியில் ஒரு வேம்பு, பின்னால் தண்ணீர்க் குழாயடியில் ஒரு தேசி எலுமிச்சை மரம், அதை ஒட்டி ஒரு கறிவேப்பிலை, மதில் மூலையில் ஓர் அம்பரெல்லா. காலையில் குளித்து, திருநீறு பூசி, சாமிப் படத்துக்கு விளக்கு வைத்த பிறகுதான் கடைக்குப் போவேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயில். இது என் தகப்பன் எனக்குப் பழக்கிவிட்டது. அந்தப் பழக்கத்தை வைத்து என்னை நானே நல்ல மனிதன் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் என் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவன். வயது முப்பது. வெளிநாடு போவதற்காக வந்து, காகிதங்கள் வரும்வரை எங்களோடு இருந்தான். வடக்கிலிருந்து வருகிற தமிழர் பொலிஸில் பதிய வேண்டும் என்பதால், வந்த கிழமையே கூட்டிக்கொண்டு போனேன். வவுனியாவில் ஆமி கொடுத்த பயண பாஸின் நாட்கள் முடிந்துவிட்டன, திரும்பிப் போய்ப் புதிது எடுத்து வா என்று மேசையில் இருந்தவர் சொல்லிவிட்டார். திரும்பிப் போக அப்போது பாதையே இல்லை. ஆகவே எங்கள் வீட்டுப் பதிவுக் கடுதாசியில் அவன் பெயர் ஏறவில்லை.

பெயர் இல்லாதவன் வீட்டில் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அடுத்த ஒழுங்கை லொட்ஜிலிருந்து நான்கு பேரைக் கொண்டு போனார்கள். மூன்று பேர் திரும்பி வந்தார்கள். நாலாவது ஆளின் தாய் வந்து, அந்த லொட்ஜ் வாசலில் நாள் முழுக்க நின்றுவிட்டுப் போவாள். அவளைத் தாண்டித்தான் நான் பஸ்ஸுக்குப் போக வேண்டும்.

தம்பி வெளியே போவதில்லை. பகல் முழுக்க வளவுக்குள் நடந்தான். படிப்பிக்க ஆள் இல்லாத வாத்தியார் மரங்களைப் பார்க்கத் தொடங்கினான். ஒருநாள் நான் கடையால் வந்து சாரத்தைக் கட்டுவதற்குள் கூப்பிட்டான்.

"அண்ணை, உங்கட வளவு முழுக்க ஒரே வருணம்."

"என்ன வருணம்?" என்று மனைவி கேட்டாள். அவள் திருகோணமலைக்காரி.

"செடி கொடியளைப் பிரிக்கிற முறை, அண்ணி. வேம்பு ஒரு குடும்பம். தேசியும் கறிவேப்பிலையும் இன்னொரு குடும்பம். அம்பரெல்லா, மா, மரமுந்திரிகை எல்லாம் வேற குடும்பம். இந்தக் குடும்பம் எல்லாம் சேந்தது ஒரு வருணம். குடும்பத்துக்குக் கீழ சாதி."

"மரத்துக்கும் சாதியோ? யாழ்ப்பாணத்தார் மரத்தையும் விட்டுவைக்கேல்லப் போல."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வந்த நாளுக்கு அன்றைக்குத்தான் அப்படிச் சிரித்தான். பிறகு ஒவ்வொரு இலையாகப் பிடுங்கி, கசக்கி எங்கள் மூக்கடியில் பிடித்தான். எல்லாம் மரமாகவோ பெரிய பற்றையாகவோ வளருகிற இனம், பிசினோ எண்ணெயோ வாசமோ ஏதோ ஒன்றை உடம்பில் ஒளித்து வைத்திருக்கும், இலையும் பெரும்பாலும் ஒரே காம்பில் பல சிற்றிலையாக இருக்கும் என்றான். கோயில் வில்வமும் இதுக்குள்தான். வேதக் கோயிலில் புகைக்கிற குந்திரிக்கமும், ரம்புட்டானும், தலைக்குத் தேய்க்கிற பூந்திக்கொட்டையும், அலுமாரி செய்கிற மகோகனியும் இதுக்குள்தான் என்றான்.

எனக்கு அது நல்ல சந்தோஷமாக இருந்தது. சிவனுக்கு வில்வம், அம்மாளுக்கு வேம்பு, கண்ணூறு கழிக்கத் தேசிக்காய், சட்டிக்குக் கறிவேப்பிலை, கடித்துத் தின்னப் புளிப்பாக அம்பரெல்லா. கடவுள் ஒரு வீட்டுக்கு வேண்டியதை ஒரே பெட்டியில் அடைத்துத் தந்தது போல. அன்றைக்கு மனைவி வேப்பம்பூ வடகம் பொரித்தாள். தம்பி மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான்.

அடுத்த கிழமை கடை லொறி ட்ரைவர், ஒரு சிங்கள ஆள், பதினைந்து நாள் லீவுக்குப் பிறகு வந்தார். பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான், அதே அம்மாள் வருத்தம், என்றார். "கேட்டில கொஹொம்ப கொப்ப, அதான் வேப்பங்கொப்ப, கட்டினா ஒருத்தனும் வர மாட்டான், கிராம சேவகரும் கேட்டோட திரும்பிப் போனார்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் பகிடியாகச் சொன்னது. பஸ்ஸில் நின்றுகொண்டு வீட்டுக்கு வரும்வரை அது என் மண்டைக்குள் இருந்தது. கொத்தைக் கண்டவுடன் விலகிப் போவதில் சிங்களவருக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. அவர்களுக்கும் அது தெய்வத்தின் வருத்தம்.

வெள்ளிக்கிழமை கோயிலால் வந்த கையோடு கத்தியை எடுத்து வேம்பில் ஒரு கொப்பை வெட்டினேன். மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, அம்மாளோட விளையாடாதேங்கோ."

"விளையாட்டில்ல. ஒரு உயிருக்காக."

"உயிரைக் காப்பாத்தச் சொல்லி அவவைக் கும்பிடுங்கோ. அவவிட பேரில பொய் சொல்லாதேங்கோ."

"பேரைச் சொல்லயில்லயே. இலையைத்தானே கட்டுறன்."

அவள் வழிவிட்டு உள்ளே போனாள். ஆனால் கட்டி முடித்து உள்ளே வந்தபோது குசினியில் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தாள். இலை வாசலில் இருக்கும்வரை மீன் இல்லை, பொரியல் இல்லை, தாளிப்பு இல்லை என்று சொல்லிவிட்டாள். கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து அதிலும் வேப்பிலை வைத்தாள்.

"அண்ணி, நோயில்லாத வீட்டில பத்தியமோ?" என்றான் தம்பி.

"கூப்பிட்டாச்சு. அவ வந்தா இருக்கிறதுக்கு இடம் வேணுமே" என்றாள். அவள் பகிடி விடவில்லை.

பத்து நாளில் சுற்றிவளைப்பு வந்தது. காலை ஆறு மணி இருக்கும். ரயில் பாதைப் பக்கமிருந்து வீடு வீடாக வந்தார்கள். எங்கள் கேட்டில் கை வைத்த ஆமிக்காரனுக்கு இருபது வயதுதான் இருக்கும். கொத்தைக் கண்டான். கையை எடுத்துவிட்டான். "தெய்யங்கே லெட" என்று பின்னால் நின்றவர்களிடம் சொன்னான். கடவுளின் வருத்தம். நான் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். யாருக்கு என்று கேட்டான். என் தம்பிக்கு என்று வாயில் வந்துவிட்டது, எனக்குத் தெரிந்த சிங்களத்தில்; நல்ல காலம், பதிவுக் கடுதாசியை அவன் கேட்கவில்லை. அவன் தலையை ஆட்டிவிட்டு, தெம்பிலி இளநீர் நிறையக் குடிக்கக் கொடு, உடம்பு குளிரும் என்று சொல்லிப் போனான். தன் தமையனிடம் சொல்வது போலச் சொன்னான்.

உள்ளே வந்தால் தம்பி குசினிக் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நிற்கிறான். மனைவி சாமிப் படத்துக்கு முன்னால். எனக்கு முதலில் சந்தோஷம், பிறகு அந்தப் பொடியன் தெம்பிலியைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்து ஏதோ போல ஆகிவிட்டது. அன்றைக்கே கொத்தை அவிழ்த்திருக்க வேண்டும். எந்த வீட்டிலும் தலைக்குத் தண்ணீர் வார்த்தவுடன் அவிழ்ப்பதுதான் முறை. நான் அவிழ்க்கவில்லை. காய்ந்தால் புதுக் கொப்பு வெட்டிக் கட்டினேன். இரண்டு கிழமை, மூன்று, நான்கு. ஐந்தாம் கிழமையும் என் கேட்டில் இலை பச்சையாக இருந்தது.

பக்கத்து வீட்டின் பின்பக்க அனெக்ஸில் ஒரு புருஷன் பெண்சாதி குடியிருந்தார்கள். கொட்டாஞ்சேனை ஆட்கள், கிறிஸ்தவ வேதக்காரர். அவர் துறைமுகத்தில் கிளார்க். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஆள் உயர மதில் ஒன்றுதான். ஐந்தாம் கிழமையில் ஒரு பின்னேரம் அந்தப் பெண் மதிலுக்கு மேலால் கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் வேப்பிலை தருவீங்களா? அவருக்குப் போட்டிருச்சு. முகம், நெஞ்சு, வாய்க்குள்ளயும். நாங்க இதெல்லாம் கட்டுறதில்ல, வீட்டுக்கார அம்மாதான் கட்டச் சொல்லி விட மாட்டேங்கிறாங்க."

நானே ஏறி நல்ல கொப்பாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க தம்பிக்கு எத்தனை நாள் இருந்திச்சு? எப்ப தண்ணி வார்த்தீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். "ஒன்பது நாள்" என்றாள்.

"அவரை அன்னைக்கு ஜன்னல்ல பார்த்தேன். தழும்பே இல்லையே. மஞ்சளா பூசினீங்க?"

"ஓம். வேப்பிலையும் மஞ்சளும்."

"அவருக்கு வந்துட்டதால திரும்ப வராதுதானே? நாளைக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் இவரோட வந்து இருக்கச் சொல்வீங்களா, அக்கா? நான் அவர் ஆபீஸுக்கு மெடிக்கல் குடுக்கப் போகணும். இவர் எழும்பினா தலை சுத்தி விழுறார்."

தம்பி உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வரப் பார்த்தான். நான் கையைப் பின்னால் நீட்டி அவனை நிறுத்தினேன்.

"அவன் இன்னும் நல்லாத் தேறயில்லப் பிள்ளை" என்றேன்.

"ஆ, சரி அண்ணே. பரவாயில்ல" என்று அவள் இறங்கிப் போனாள்.

"எனக்குச் சின்னனில வந்ததுதானே அண்ணை. நான் போயிருக்கலாம்" என்றான் தம்பி.

"ஒழுங்கையால நடந்து போய் அந்த வீட்டுக்குள்ள ஏறுறதை ஆரும் கண்டா?"

"பத்தடி தூரம்."

"பத்தடி போதும்" என்றேன். அந்த வீட்டுக் கேட்டிலும் அன்றைக்குக் கொத்துத் தொங்கியது, என் மரத்துக் கொத்து. இரண்டு கேட்டும் அருகருகே. எனக்கு மனதுக்குள் ஒரு பயம் தட்டியது. எங்களுடையதை இப்போதாவது அவிழ்க்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கேயோ குண்டு வெடித்ததாக அன்று ரேடியோவில் சொன்னார்கள். அவிழ்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வந்தார்கள். இந்த முறை ஓர் ஆபீசர் முன்னால் நடந்தார், கண்ணாடி போட்டவர். எங்கள் கேட்டடியில் நின்று கொத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். இலை பச்சை. பின்னால் நின்ற ஒருவன் அவர் காதில் ஏதோ சொன்னான். போன முறையும் இந்த வீட்டில் இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும்.

"போன மாதமும் இங்கே இருந்ததாமே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"அப்போது தம்பிக்கு, மாத்தயா, அவன் சுகமாகிப் போய்விட்டான். இப்போது மனைவிக்கு." மனைவி நான் சொல்லிக்கொடுத்தபடி கட்டிலில் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தாள்.

அவர் பக்கத்துக் கேட்டைப் பார்த்தார். "அங்கேயும்?"

நான் தலையை ஆட்டினேன்.

"அது உண்மையா? இல்லாவிட்டால் உன்னுடையதைப் பார்த்துக் கட்டினார்களா?"

உண்மை, மாத்தயா, அந்த மனிதருக்கு உடம்பு முழுக்கப் போட்டிருக்கிறது, நான்தான் இலை வெட்டிக் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாலு சொல். ஆனால் அவருடைய கண் எங்கள் வீட்டைவிட்டு அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அது திரும்ப இந்தப் பக்கம் வரக்கூடாது என்பது மட்டுமே என் புத்தியில் இருந்தது.

"தெரியாது, மாத்தயா. அவர்கள் மூன்று நாளைக்கு முன்தான் கட்டினார்கள்" என்றேன்.

அது முழுக்கப் பொய் என்றால் பிறகு எனக்கு இலகுவாக இருந்திருக்கும். "தெரியாது" என்றது பொய்தான். மற்றது உண்மை. அந்த உண்மைதான் வேலை செய்தது. ஆபீசர் சிரித்தார். பக்கத்துக் கேட்டைக் காலால் தள்ளினார்கள். "எலியட்ட எண்ட, ஒக்கோம" என்று சத்தம் போட்டார்கள், எல்லோரும் வெளியே வாருங்கள் என்று. அந்தப் பெண் தலையில் அடித்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொல்கிறாள். அவள் புருஷனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சாரமும் ஒரு பழைய போர்வையும். முகத்தில் கொப்புளம் இல்லாத இடம் இல்லை. கிட்ட வந்ததும் பிடித்தவர்களே கையை விட்டுவிட்டார்கள். அவர் ஒழுங்கையில் முழங்காலில் விழுந்தார்.

அப்படியும் திருப்பி உள்ளே அனுப்பவில்லை. கூப்பிட்ட ஆளை, தலையாட்டி ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற முகமூடி போட்ட தலையாட்டிக்குக் காட்டாமல் விட முடியாதாம். ரயில் பாதையோரம், நிழல் இல்லாத வெளியில், ஒழுங்கை ஆண்கள் எல்லோரோடும் நிறுத்தினார்கள். என்னையும் நிறுத்தினார்கள். அவரைச் சுற்றி மட்டும் ஆட்கள் தள்ளி நின்றதால் அவர் தனியாக நின்றார், பிறகு உட்கார்ந்தார், பிறகு சரிந்தார். கடலிலிருந்து காற்று அடித்தது, வெயிலும் அடித்தது. கிட்டப் போய்ப் போர்வையைத் தலைக்கு இழுத்துவிட்டவர் ஒழுங்கை முனைக் கடை முஸ்லிம் நானா. நான் போகவில்லை. பத்தரை மணிக்குத்தான் விட்டார்கள்.

எங்கள் வீட்டுக்குள் யாரும் கால் வைக்கவில்லை. தம்பி தப்பினான்.

"ஆபீசர் உங்களிட்ட என்ன கேட்டவன்?" என்று கேட்டான். குசினிக் கதவடியிலிருந்து முழுவதும் கேட்டிருக்கிறான், அவனுக்குச் சிங்களம்தான் விளங்கவில்லை. நான் சொன்னேன். மறைக்கவில்லை. அவன் நேரே போய்க் கேட்டில் இருந்த கொத்தைப் பட்டப்பகலில், ஒழுங்கையே பார்க்க, அவிழ்த்துக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டோம். "உப்பு" என்றால் மனைவியிடம் கேட்பான்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்றிரவே மூச்சு முட்டி, காய்ச்சல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூன்று கிழமை. பிழைத்தார், கடவுள் புண்ணியம். எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, அடுத்த மாதமே அனெக்ஸை விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனையில் பெண்ணின் தாய் வீட்டோடு போய்விட்டார்கள். போகும் நாளில் அந்தப் பெண் வந்து என் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதாள். கஞ்சி கொடுத்து அனுப்பியதற்கு நன்றி சொன்னாள். என் பக்கம் திரும்பி, "அண்ணே, உங்க கிட்டயும் ஏதும் கேட்டாங்களா அன்னைக்கு?" என்றாள். இல்லை என்றேன். அவளுக்கு நான் சொன்ன இரண்டாவது பொய்.

தம்பிக்குக் காகிதம் வந்து அவன் வெளிநாடு போய்ச் சேர்ந்தான். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அதையும் நான் வாங்கிக்கொண்டேன்.

நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் உள்ளே போக முடியவில்லை. செருப்பு வைக்கிற இடத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வருவேன். ஐயர் ஒருநாள், "என்ன, வெளிய நிக்கிறியள்?" என்று கேட்டார். கால் கழுவவில்லை என்றேன். பிறகு வேம்பில் கை வைக்கவும் கூசியது. மனைவி வேப்பம்பூ கூட்டி அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இவ்வளவு மருந்தை உடம்பில் வைத்திருக்கிற மரத்தை நான் எதற்குப் பாவித்தேன் என்று நினைப்பேன். அம்மாளிடம் கேட்டால் மன்னிப்பாள் என்று மனைவி சொன்னாள். அவவிடம் அல்ல, கேட்க வேண்டியது கொட்டாஞ்சேனையில் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றரை வருடம் போகவில்லை.

போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கையில் ஒன்றும் கொண்டு போகவில்லை. பழமோ பிஸ்கட்டோ கொண்டு போனால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன் என்று பயந்தேன். வீடு மாடியில். அவர் படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு கதிரையில் இருந்தார். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. "வாங்க அண்ணே, வாங்க" என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள். தேத்தண்ணி கொண்டு வந்தாள். நான் குடிக்காமல் சொன்னேன். தொடக்கத்திலிருந்து சொன்னேன். தம்பியின் பதிவு, நோயில்லாத வீடு, ஐந்து கிழமை, ஆபீசர் கேட்டது, நான் சொன்னது. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, நிலத்தைப் பார்த்தேன்.

சொல்லி முடித்தேன். கீழே தெருவில் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி போய்ச் சேந்துட்டாரா?" என்று அவர் கேட்டார்.

"ஓம். அங்க ஒரு கடையில நிக்கிறான்."

அவர் தலையை ஆட்டினார். கோபிக்கவும் இல்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

அந்தப் பெண்தான் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எங்ககிட்ட ஐடென்டிட்டி கார்ட் இருந்திச்சு. போர்ட் பாஸ் இருந்திச்சு. பதிஞ்ச கடுதாசி இருந்திச்சு. இலை இல்லாட்டி உள்ள வந்து பார்த்துட்டுப் போயிருப்பாங்க, அவர் படுத்த இடத்திலயே படுத்திருப்பார். எங்களுக்கு அந்த இலை தேவையே இல்ல அண்ணே. சுவருக்கு அங்கிட்டு இருந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் எங்க கேட்டில இருந்ததை அவுத்திருப்பேன். உங்க தம்பிக்காக."

நான் எழும்பினேன். படியால் இறங்கி, பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன். அந்த ஐந்து கிழமையும் நான் அம்மாளிடம் சொன்னேன், மனைவியிடம் சொன்னேன், ஆமிக்குப் பொய் சொன்னேன். மதிலுக்கு மற்றப் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லலாம் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.